தவசிக்கனி துண்டு போட்ட இடங்கள்

செவக்காட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, இந்த ஊரில் ஏன் இத்தனை துண்டு கிடக்கிறது என்பதுதான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒன்று கிடக்கும், முடிவெட்டுகிற கடையின் சுழல் நாற்காலியில் ஒன்று கிடக்கும், பாங்கில் மேனேஜர் மேஜைக்கு எதிரே ஒன்று, அம்மன் கோயில் நடையில் முதல் மரியாதை வாங்குகிறவர் நிற்கிற கல்லில் ஒன்று. எல்லாமே பச்சைக்கரை போட்ட வெள்ளை ஈரிழைத் துண்டு. எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே டீக்கறை. வெயிலில் வெளுக்காது, மழையில் நனைந்தாலும் நாறாது, காக்கா எச்சம் போடாது. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் "ஆள் வருது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஆள் எப்போது கிளம்பினான், ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் கதை.

அவன் பேர் தவசிக்கனி. ஜின்னிங் மில்லில் பருத்தி எடை போடுகிற வேலை. ஒரு காலத்தில் அவனைப் போல நிதானமான ஆளை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. நடந்தால் மண்ணுக்கு வலிக்குமோ என்று நடப்பான், பேசினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மாடு கடந்து போகலாம். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்காருவான், எதிரே பெண்டாட்டி வடகாசி உட்காருவாள், நடுவில் மகள் சிந்தாமணி. சாளைமீனில் முள்ளெடுத்து மகள் தட்டில் ஒரு துண்டம், பெண்டாட்டி தட்டில் ஒரு துண்டம் என்று வைத்துவிட்டு அப்புறம்தான் தன் வாயில் வைப்பான். அவன் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் வடகாசி கையை உதற மாட்டாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது போதும் என்று அவனும்தான் இருந்தான்.

அப்படி இருந்தவன் ஒருநாள் மில்லுக்கு எதிரே அணைஞ்சபெருமாள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். முதலாளியின் கார் மில் வாசலில் வந்து நின்றது. பக்கத்து ஊரில் புதுசாக ஒரு மில் எடுத்திருந்தார், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காரை விட்டு இறங்கக்கூட இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு, "யாருடே அங்க நிக்கது?" என்றார். நின்றது மாசானம். தராசு முள்ளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தவசிக்கனிதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். தவசிக்கனி தம்ளரில் இன்னும் இரண்டு வாய் டீ இருந்தது. அதை முடித்துவிட்டுப் போவோம் என்று ஒரு வாய் குடித்தான், முதலாளி கை நீட்டுவதைப் பார்த்து ஓடினான், மீதி ஒரு வாய் தோள் துண்டில் கொட்டியது. அவன் ரோட்டைத் தாண்டுவதற்குள் மாசானம் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டான்.

கொஞ்ச வருஷத்தில் மாசானம் சொந்தமாக மில் வைத்தான், மாடி கட்டினான், எதிரே வந்தால் காரை நிறுத்தி, "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா" என்று மரியாதையாகக் கேட்டான். ஏளனமாகக் கேட்டிருந்தால்கூட தவசிக்கனிக்கு ஆறியிருக்கும். அந்த மரியாதைதான் ஆறவில்லை. முதல் தடவை அப்படிக் கேட்ட அன்றைக்குத் தவசிக்கனி நெஞ்சுக்குள் ஒரு பஸ் ஸ்டார்ட் ஆகி நின்றது. கிளம்பவும் இல்லை, அணையவும் இல்லை. ஊரே ஏறிவிட்டது, நீ ஒருத்தன்தான் பாக்கி என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சோற்றில் கை வைத்தால் ஹாரன், கண்ணை மூடினால் ஹாரன், மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் அவள் குரலுக்கு மேலே ஹாரன்.

இப்படி இருக்கையில் ஒரு சந்தை நாளில் கோயில்பட்டி பஸ் வந்தது. எல்லாரும் செய்வதைப் போல அவனும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் போட்டான். கூட்டத்தில் நசுங்கி ஏறி உள்ளே வந்தபோது, அதற்கு முந்தின சீட்டு இன்னும் நல்ல சீட்டாக, நிழல் பக்கமாகத் தெரிந்தது. யோசிக்காமல் தோளில் கை வைத்தான். தோளில் துண்டு இருந்தது. அதை அங்கே போட்டான். டிரைவருக்குப் பக்கத்து இடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தோளில் துண்டு இருந்தது. கடைசியில் கோயில்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே போனான், அவன் போட்ட இடங்கள் எல்லாம் காலியாகக் கூடவே வந்தன. கண்டக்டர் ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். தாய்மாமன் சீர் மாதிரி எத்தனை துண்டுய்யா கொண்டாந்திருக்கீரு என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்தார்.

இந்த இடத்தில் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணிக்கு வெட்டிக்கொண்டவர்கள் அவர்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் வைப்பதில் கோர்ட்டு வரைக்கும் போனவர்கள். ஆனால் சீட்டில் கிடந்த துண்டை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்தவன் என்று அங்கே ஒருத்தனைக் காட்ட முடியாது. துண்டு கிடந்தால் ஆள் வருது என்று அர்த்தம். பகையாளித் துண்டாக இருந்தாலும் அதுதான் அர்த்தம். இரண்டு மூன்று தலைமுறை பஸ்ஸில் நின்று நின்று அது அவர்கள் ரத்தத்தில் ஏறிவிட்டது.

அதனால் தவசிக்கனி டீக்கடை பெஞ்சில் சுவரோர இடத்துக்குத் துண்டு போட்டபோது ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் புதுசாகக் கட்டின கடைகளில் மூலைக்கடை ஏலத்துக்கு வந்த அன்று, ஏலம் கூறுவதற்கு முன்பே அதன் வாசலில் துண்டு கிடந்தது, கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குக் கேட்டார்கள். பைபாஸ் ரோட்டோரம் நல்ல மனையில் துண்டு கிடந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் செத்துப் போன மறுநாள், மாலை வாடுவதற்குள், தலைவர் நாற்காலியில் துண்டு கிடந்தது. அதில் மட்டும் கொஞ்சம் சலசலப்பு வந்தது. மூட்டை தூக்குகிற இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, எடுத்துப் போடுடா அதை என்றார்கள். ஒரு மூட்டையைத் தலையிலும் ஒன்றைக் கக்கத்திலும் கொண்டு போகிறவன் இசக்கிமுத்து. குனிந்தான், நிமிர்ந்தான், கையில் ஒன்றுமில்லை. மறுபடியும் குனிந்தான்.

"கனமாடே?" என்று கேட்டார்கள்.

"கனமெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஆள் வருதுன்னு கை சொல்லுது, எடுக்க மாட்டேங்கு" என்றான்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அதோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டது. தபால்காரர் தவசிக்கனிக்கு வந்த கடுதாசியை எந்தத் துண்டு பக்கமோ அந்தத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். வழி கேட்கிறவர்களுக்கு, நேரா போயி ரெண்டாவது துண்டுல சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க என்று சொன்னார்கள். சங்கக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். கோயில் பூசாரி முதல் விபூதியைத் துண்டின் மேல் ஒரு சிட்டிகை தூவிவிட்டு அப்புறம் மற்றவர்களுக்குக் கொடுத்தார். பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் அவனைக் காட்டித்தான் வளர்த்தார்கள். அந்த மாமாவப் பாரு, எப்படி முந்திப் போயி எடம் புடிக்காவ, நீயும் இருக்கியே படுத்த பாயில மோண்டுக்கிட்டு என்று திட்டினார்கள். படிக்கிற பையன்கள் பரீட்சைக்கு முன்னால் அவன் துண்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தொட்டுக் கும்பிடலாம், எடுக்கத்தான் முடியாது.

தவசிக்கனிக்கு இதையெல்லாம் நின்று பார்க்க நேரமில்லை. அவனுக்கு உட்காரவே நேரமில்லை. மூலைக்கடையில் துண்டு போட்டதும், பரவாயில்லை, நாளைக்கு நல்ல நாள், பால் காய்ச்சிக் கடை திறப்போம் என்று நினைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான், குனிந்தான், முழங்கால் மடங்குவதற்குள் கடைக்கு எதிரே பைபாஸ் மனை கண்ணில் பட்டது, மாசானம் வாங்கப் போவதாகச் சொன்ன மனை, நெஞ்சுக்குள் ஹாரன் அடித்தது, ஓடினான். மனையில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான், அங்கிருந்து பார்த்தால் அரிசி மில் தெரிந்தது, ஓடினான். பிடித்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிக்காத இடம் நன்றாகத் தெரியும் போல. ஒவ்வொரு துண்டையும் வீசும்போது, இது ஒன்றுதான், இதைப் பிடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிவிடலாம் என்று மனதார நினைத்துத்தான் வீசினான். அதில் பொய் இல்லை.

வடகாசி முதலில் சந்தோஷப்பட்டாள். தண்ணி பிடிக்கிற இடத்தில் பெண்கள், ஒன் வீட்டுக்காரரு போற வேகத்துக்கு ஒனக்கு ஒட்டியாணம் நிச்சயம்டி என்று கேலி பண்ணியபோது சிரித்தாள். பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் வருவான், நின்றபடியே இரண்டு உருண்டை உருட்டி வாயில் போடுவான், அதற்குள் கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். ஒருநாள் அவள் வாய்விட்டே கேட்டாள்.

"ஒரு நாளு உக்காந்து சாப்பிடுங்களேன். ஒலகம் என்ன ஓடியா போயிரும்?"

அவன் சுவரோரத்தில் தான் எப்போதும் உட்காருகிற இடத்தைப் பார்த்தான். அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "இந்தா வந்திருதேன் வடகாசி, எடத்த யாருக்கும் குடுத்திராத" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் துண்டுக்கு எதிரே தட்டு வைத்து, சோறு போட்டு, சாளைமீன் வாங்கினால் முள்ளெடுத்து வைத்து, தன் தட்டில் கை வைக்காமல் காத்திருந்தாள். ஆறிப்போனதும் இரண்டு தட்டையும் எடுத்து வைப்பாள்.

சிந்தாமணிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தவசிக்கனியின் இடங்களைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார்கள், இத்தனை இடத்தில் துண்டு போட்ட மனுஷன் ஒரு இடத்திலாவது உட்காராமலா போய்விடுவான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. முகூர்த்த நேரத்தில் அவன் பந்தலுக்கு வந்தான், வேஷ்டியெல்லாம் புதுசுதான். பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும், வந்து மணையில் உட்காருங்க என்றார்கள். மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மணைக்குப் பக்கத்தில் போனவன், வந்திருந்தவர்களுக்கு நடுவே முன்வரிசையில் மாசானம் உட்கார்ந்திருப்பதையும் அவனுக்கு அந்தப் பக்கம் கலெக்டர் ஆபீஸ் ஆள் ஒருத்தர் குனிந்து என்னவோ சொல்வதையும் பார்த்துவிட்டான். குவாரி ஏலம் என்ற சொல் காதில் விழுந்தது. துண்டை மணையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் வருவான் வருவான் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆள் வருது, அதனால துண்டும் ஆளும் ஒண்ணுதான் என்று முடிவு பண்ணி, பெண்ணின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் துண்டின் மேல் கொண்டு வந்து சேர்த்து வைத்தார்கள். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. சிந்தாமணி புறப்படும்போது அம்மா காலில் விழுந்து எழுந்தாள், துண்டின் முன்னால் விழுந்து எழுந்தாள். நெற்றி துண்டில் பட்டது. அழுகிற பழக்கம் உள்ள பெண்தான், அன்றைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஊரில் உட்கார இடம் குறைந்துகொண்டே வந்தது. டீக்கடை பெஞ்சில் முழு நீளத்துக்கும் துண்டு. முடிவெட்டுகிறவர் கடை வாசலில் ஆட்களை நிற்க வைத்து வெட்டினார். மூலைக்கடை பூட்டியே கிடந்தது, அரிசி மில்லில் எலி குடியேறியது, பைபாஸ் மனையில் வேலிக்கருவை மண்டியது. அங்கெல்லாம் கை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை, ஆள் வருது அல்லவா. பையன்கள் ஒவ்வொருத்தராகத் திருப்பூருக்கும் மும்பைக்கும் ரயில் ஏறினார்கள், அங்கேயாவது உட்கார ஒரு முக்காலி கிடைக்கும் என்று. சுடுகாட்டில் வேப்பமர நிழல் விழுகிற மேட்டில்கூடத் துண்டு கிடந்தது, இறந்தவர்களை வெயிலில்தான் புதைத்தார்கள்.

மாசானத்தையும் வெயிலில்தான் புதைத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது தவசிக்கனி பக்கத்து ஊர்ப் பெட்ரோல் பங்கு ஒன்றில் இடம் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் கை அப்படியே நின்றது. நெஞ்சுக்குள் அத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் சுற்றிப் பார்த்தான். தலை நரைத்திருந்தது, கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. முந்துவதற்கு இனி ஆள் இல்லை. எல்லாம் போதும், போய் உட்காருவோம் என்று முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

அவன் ஊருக்கு நடந்தே வந்தான். முதலில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்குப் போனான். துண்டை எடுக்கக் குனிந்தான், கை போகவில்லை. விரலை நீட்டினால் துண்டுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற வெற்றிலை வியாபாரி, "பெரியவரே, அது எடம் போட்டிருக்கு, ஆள் வருது" என்றார். நான்தான்யா அந்த ஆள் என்றான். அவர் சிரித்தார். ஓடி ஓடியே கழிந்ததால் அவன் முகத்தை நின்று பார்த்தவர்கள் ஊரில் குறைவு. தவசிக்கனி என்றால் அவர்களுக்குத் துண்டுதான் ஞாபகம். மூலைக்கடைக்குப் போனான், சங்கத்துக்குப் போனான். நாற்காலிக்குப் பக்கத்தில் போனதும் தரையில் இருந்தவர்கள் எழுந்து, தலைவர் எடம், அங்கிட்டுப் போங்க என்று தோளைப் பிடித்து நகர்த்தினார்கள், மரியாதையாகத்தான் நகர்த்தினார்கள். டீக்கடையில் அணைஞ்சபெருமாள் ஒருத்தர்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"தவசியா? வா. என்னடே, உக்கார வந்தியா?"

"ஆமா அண்ணாச்சி. துண்டு வர மாட்டேங்கு."

கிழவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ எடம் போட்டது ஒனக்கா? எல்லாத்தையும் புடிச்சுட்டு ஒருத்தன் வருவாம்லா, அவனுக்குப் போட்ட. அவன் வரணும்." சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் கையில் கொடுத்தார். தவசிக்கனி நின்றபடி குடித்தான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். வடகாசி துண்டுக்கு எதிரே தட்டு வைத்து, தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் கிழவியாகியிருந்தாள். நிலைப்படியில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை.

"வந்துட்டியளா" என்றாள்.

அவன் தலையாட்டினான். குனிந்து, சுவரோரத்துத் துண்டை எடுக்கப் பார்த்தான். கை போகவில்லை. மண்டி போட்டுப் பார்த்தான், இரண்டு கையாலும் பார்த்தான், காலால் தள்ளிப் பார்த்தான். வடகாசியும் வந்து பார்த்தாள். அத்தனை வருஷமும் ஆள் வருது என்று சோறு போட்ட கை அது, அவளுக்கும் துண்டு வரவில்லை. தரையில் எத்தனையோ இடம் கிடந்தது, கல்லும் மண்ணுமாக வெறும் தரை. ஆனால் அவன் உட்கார வந்தது தட்டுக்கு முன்னால், அவளுக்கு எதிரே. கடைசியில் வடகாசி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டாள்.

"அது கெடக்கட்டும். இது என் எடம். நீங்க இதுல உக்காருங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்."

எத்தனையோ இடத்தை அவன் பிடித்திருக்கிறான், ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், வேறு யாரும் வந்துவிடுவதற்குள் என்று, அவன் கை, அவனைக் கேட்காமல், பழகின பழக்கத்தில் தோளுக்குப் போயிற்று. வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் துண்டு விழுந்துவிட்டது. பச்சைக்கரை மடிப்புக் கலையாமல், டீக்கறை மேலாக, அவள் உடம்புச் சூடு இன்னும் ஆறாத இடத்தில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடகாசி கையில் தட்டு இருந்தது. கொஞ்சம் பொறுத்து அவள் அதிலிருந்து ஒரு மீனை எடுத்து, நின்றபடியே முள் எடுத்து, அவன் கையில் வைத்தாள். அவன் தின்னவில்லை. வெளியே கோயில்பட்டி பஸ் போனது. "செத்த நேரம் நிப்போம், ஆள் வந்துரும்" என்று அவள் சொன்னாள், அவனிடம் சொல்வது போலவும் இல்லை, தனக்குச் சொல்வது போலவும் இல்லை. அப்படியே இருவரும் தங்கள் வீட்டுக்குள் நின்றார்கள், அவன் கையில் மீன் ஆறிக்கொண்டிருந்தது.